புதிய பானங்களைத் தேடிச் சுவைக்க: தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வழக்கமாகக் குடிப்பதைத் தாண்டி ஏதாவது சுவைத்துப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே சலித்துப் போகிறார்கள். பணம் போகும், வாங்கிய பொட்டலம் அலமாரியில் கிடக்கும், "இதைப் போய் ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். நானும் எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆளில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தகவல்களைப் பொறுக்கித்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு புதிய பானம் பிடிக்கவில்லை என்றால், பத்தில் ஏழெட்டு முறை குற்றம் பானத்தில் இல்லை. தண்ணீரிலோ, சூட்டிலோ, நேரத்திலோ இருக்கிறது. ஆகவே எதையும் ஒரே கோப்பையில் தள்ளிவிடாதீர்கள்.

1. ஒரே குடும்பத்தில் தொடங்குங்கள்

தேநீர், மூலிகைப் பானம், நொதித்த பானம், காக்டெயில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் நாக்குக் குழம்பிவிடும். ஒன்றைப் பிடியுங்கள். என் பரிந்துரை தேநீர். செலவு குறைவு, கருவி குறைவு, ஒரே செடிக்குள் இருக்கும் வேறுபாடோ மிகப் பெரியது. பச்சை, வெள்ளை, ஊலாங் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்டது), கறுப்பு, புவேர் (சீனாவின் யுன்னானில் செய்வது) எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தான். பறித்த பிறகு இலையை வாட்டுவது, உருட்டுவது, காற்றுபடப் பழுக்கவிடுவது, சூடாக்கி நிறுத்துவது, சில வகைகளில் நொதிக்க விடுவது என்று செய்முறை மாறும்போது சுவையும் மாறிவிடுகிறது.

முதல் தொகுப்புக்கு ஒன்றுக்கொன்று தூரமான நான்கு வகைகளை எடுங்கள்:

- ஜப்பானின் சென்சா: ஆவியில் வேகவைத்த பச்சை இலை. கடற்பாசியை நினைவூட்டும் மணம்.
- தைவானின் ஓரியண்டல் பியூட்டி: சிறு தத்துப்பூச்சிகள் கடித்த இலையிலிருந்து செய்யும் ஊலாங். அந்தக் கடிக்குச் செடி காட்டும் எதிர்வினையே தேன் போன்ற மணத்தைத் தருகிறது.
- சீனாவின் வூயி மலைப் பகுதியின் லாப்சாங் சூசாங்: பைன் மரப் புகையில் உலர்த்திய கறுப்புத் தேநீர்.
- யுன்னானின் ஷௌ புவேர்: நொதிக்கவைத்த இலை. மழை நனைத்த மண்ணின் மணம், துவர்ப்பு மிகக் குறைவு.

இந்த நான்கையும் குடித்துவிட்டால் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்தத் திசையில் போகலாம்.

2. லேபிள்தான் உங்கள் முதல் ஆவணம்

விலையைப் பார்க்கும் முன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். நல்ல தேநீரில் நான்கு தகவல்கள் இருக்கும்: எந்த ஊர் அல்லது மலை, எந்தச் செடி ரகம், எந்தப் பருவத்தில் எந்த ஆண்டு பறித்தது, எப்படிப் பதப்படுத்தியது. "உயர்தர இலை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது தகவலே இல்லை.

பறித்த ஆண்டு பச்சைத் தேநீருக்கு மிக முக்கியம். ஜப்பானின் புது இலை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறது. டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை. இரண்டாவது பறிப்பு மே, ஜூன். ஆகவே மார்ச்சில் தள்ளுபடியில் கிடைக்கும் சென்சா பெரும்பாலும் ஓராண்டு பழையது. கறுப்புத் தேநீர் இவ்வளவு சீக்கிரம் சோர்ந்துவிடாது. புவேரோ ஆண்டுகள் செல்லச் செல்ல மாறிக்கொண்டே இருக்கும்.

லேபிளில் ஏமாறும் இடங்கள்:

"செரிமோனியல் கிரேடு" மாட்சா (பொடியாக அரைத்த பச்சைத் தேநீர்). இந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான தர அளவுகோல் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நிறத்தைப் பாருங்கள். நல்ல மாட்சா பளிச்சென்ற பச்சை. மஞ்சளும் பழுப்பும் கலந்திருந்தால் பழசு, அல்லது முற்றிய இலை.

"மில்க் ஊலாங்." ஜின் ஷுவான் என்ற தைவான் ரகத்துக்கு இயல்பாகவே மெல்லிய பால் மணம் உண்டு. பொட்டலத்தைத் திறந்ததும் மிட்டாய்க் கடை மாதிரி மணம் தூக்கி அடித்தால் அது மேலே சேர்த்த வாசனை. பிடித்தால் குடியுங்கள், தவறில்லை. ஆனால் ரகத்துக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

"பழமையான மரத்தின் புவேர்." மரத்தின் வயதைக் கோப்பையை வைத்து யாரும் நிரூபித்துவிட முடியாது. தொடக்கத்திலேயே இதில் பெரிய தொகை போட வேண்டாம்.

3. எவ்வளவு வாங்குவது, செலவை எப்படிக் கணக்கிடுவது

ஒரு வகைக்கு 10 முதல் 25 கிராம் போதும். மாதிரிப் பொட்டலம் விற்காத கடையில் முதல் கொள்முதலைச் செய்யாதீர்கள். புவேர் வட்டு (இலையை அழுத்திச் செய்த தட்டு) வழக்கமாக 357 கிராம் எடையில் வரும். பிடிக்காமல் போனால் அது எத்தனை வருடம் உங்களோடு இருக்கும் என்று யோசியுங்கள். அதே வட்டை உடைத்துச் சிறு துண்டுகளாக விற்பவர்களும் இருக்கிறார்கள்.

விலையைக் கிராமில் பார்க்காமல் கோப்பையில் பாருங்கள். நல்ல ஊலாங் 5 கிராமை ஆறேழு முறை ஊறவைக்கலாம். 25 கிராம் பொட்டலம் ஐந்து அமர்வுகள். அமர்வுக்கு ஆறு சிறு கோப்பைகள் என்றால் முப்பது கோப்பைகள். பொட்டலத்தின் விலையை முப்பதால் வகுங்கள். கிராம் கணக்கில் பயமுறுத்திய இலை, கோப்பைக் கணக்கில் பெரும்பாலும் கட்டுப்படியாகிவிடும். ஒரே முறை ஊறி வெளுத்துப்போகும் மலிவான இலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இணையத்தில் வாங்கினால் அனுப்பும் கட்டணம் இலையின் விலையையே தாண்டலாம். நான்கைந்து மாதிரிகளை ஒரே பொதியில் வரவழையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் சுங்க வரி யார் தலையில் என்பதைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

4. கருவிகள்: இரண்டே இரண்டு

0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, ஒரு வெப்பமானி. இவை போதும். தேக்கரண்டி அளவை நம்பாதீர்கள்: உருட்டிய ஊலாங் ஒரு கரண்டி 4 கிராம்கூட வரும், விரிந்த வெள்ளைத் தேநீர் ஒரு கிராமே வரலாம்.

அழகான மண் கெண்டி, செதுக்கிய தட்டு எல்லாம் பிறகு. மெருகிடாத மண் கெண்டி மணத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒரே வகைத் தேநீருக்குத்தான் பயன்படுத்துவார்கள். உங்களுக்கு எந்த வகை பிடிக்கும் என்று தெரியாதபோது அதை வாங்கி என்ன பயன்? மூடியுள்ள 100 முதல் 120 மில்லி பீங்கான் கிண்ணம் எல்லா வகைக்கும் பொருந்தும்.

5. தண்ணீர், சூடு, நேரம்

முழுக் கட்டுரையில் எதையாவது ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தண்ணீர் கடினமாக இருந்தால் தேநீரின் மேல் மெல்லிய ஏடு படியும், நிறம் மங்கும், மணம் அடங்கிவிடும். தண்ணீரில் உள்ள கால்சியமும் இலையின் சேர்மங்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. முற்றிலும் தாது நீக்கிய நீரும் சரிப்படாது. தேநீர் தட்டையாக இருக்கும். ஒரே இலையை மூன்று வகைத் தண்ணீரில் ஊறவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் இவ்வளவு வேகமாகக் கற்றுத்தராது.

சூட்டுக்கும் நேரத்துக்கும் தொடக்க அளவுகள்:

- க்யோகுரோ (நிழலில் வளர்த்த ஜப்பானியப் பச்சைத் தேநீர்): 50–60 டிகிரி செல்சியஸ், இரண்டு நிமிடம்.
- சென்சா: 70–80 டிகிரி, ஒரு நிமிடம். இரண்டாவது ஊறல் 15–20 நொடி போதும்.
- மாட்சா: 2 கிராமுக்கு 70 மில்லி, 75–80 டிகிரி. பொடியைச் சலித்துவிட்டு மூங்கில் துடைப்பத்தால் வேகமாக அடிக்க வேண்டும்.
- ஊலாங்: 90–95 டிகிரி. 100 மில்லிக்கு 5 கிராம், முதல் ஊறல் 20 நொடி, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஐந்து பத்து நொடி கூட்டுங்கள்.
- புவேர்: நன்றாகக் கொதித்த நீர். முதல் நீரை உடனே கொட்டிவிட்டு, அடுத்ததிலிருந்து 10–15 நொடி.
- கறுப்புத் தேநீர்: 95 டிகிரிக்கு மேல், பெரிய கெண்டியில் 3 நிமிடம்.

வெப்பமானி கையில் இல்லாதபோது ஒரு வழி: கொதித்த நீரை அறை வெப்பத்தில் இருக்கும் வேறு பாத்திரத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். சென்சாவுக்கு இரண்டு முறை மாற்றினால் போதும்.

கசந்தால் சூட்டைக் குறையுங்கள். கசப்பில்லை, ஆனால் வாய் உலர்கிறது என்றால் நேரத்தைக் குறையுங்கள். சப்பென்று இருந்தால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

6. எப்படிச் சுவைப்பது, என்ன எழுதி வைப்பது

சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். இதில் சுவை மட்டுமல்ல, உடல்நலமும் இருக்கிறது: 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பானங்களை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

சிறிது வாயில் எடுத்து, காற்றையும் சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். கூச்சப்பட வேண்டாம், தேநீர் தர மதிப்பீட்டாளர்களும் அப்படித்தான் குடிக்கிறார்கள். விழுங்கியதும் மூக்கின் வழியே மூச்சை விடுங்கள். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம்தான். சளி பிடித்த நாளில் விலையுயர்ந்த பொட்டலத்தைத் திறக்காதீர்கள்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். பெயர், பறித்த ஆண்டு, வாங்கிய இடம், விலை, கிராம், நீர், சூடு, நேரம், மீண்டும் வாங்குவேனா என்ற ஒரு வரி. மணத்தை விவரிக்க அலங்காரச் சொற்கள் தேட வேண்டியதில்லை. "ஈர மரப்பலகை", "வறுத்த கடலை" என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதினால் போதும். இருபது குறிப்புகள் சேர்ந்த பிறகு திருப்பிப் பார்த்தால் உங்கள் விருப்பம் கண்ணுக்குத் தெரியும். அடுத்துக் கடைக்குப் போகும்போது அந்தக் குறிப்பேட்டைக் காட்டியே கேட்கலாம்.

7. தேயிலை இல்லாத இலைகளும் பூக்களும்

தேநீரில் கை பழகிய பிறகு இங்கே வாருங்கள்.

மாத்தே: அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, தென் பிரேசில் மக்களின் அன்றாடப் பானம். குடுவையில் பாதிக்கு மேல் இலை, வடிகட்டியுள்ள உலோகக் குழல், 70–80 டிகிரி நீர். கொதிநீர் ஊற்றினால் கசந்து கெட்டுவிடும். குழலை வைத்துக் கிளறாதீர்கள், அடைத்துக்கொள்ளும். கசப்பு பயமாக இருந்தால் பராகுவேயில் குடிப்பதுபோல் குளிர்ந்த நீரில் தெரெரேவாகத் தொடங்குங்கள்.

ரூய்போஸ்: தென் ஆப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதிச் செடி. காஃபின் கிடையாது, எவ்வளவு நேரம் ஊறினாலும் அவ்வளவாகக் கசக்காது. இரவுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

ரோசெல்: செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த செடியின் சிவந்த புல்லிவட்டம். எகிப்தில் கர்கடே, செனெகலில் பிஸாப். நல்ல புளிப்பு. குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் சூட்டில் ஊறியதைவிடச் சுவை தெளிவாக இருக்கும்.

சங்குப்பூ: நீல நிறம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா. பூவிலுள்ள நிறமி புளிப்புக்கு ஏற்ப மாறுகிறது. சுவை ரொம்பவே மென்மை. கண்ணுக்கான பானம் என்று தெரிந்தே வாங்குங்கள்.

8. வீட்டிலேயே கொம்புச்சா: காலக் கணக்கு

கொம்புச்சா என்பது இனிப்புத் தேநீரை நொதிக்கவிட்டுச் செய்யும் புளிப்புப் பானம். ஒரு லிட்டர் நீருக்கு 6–8 கிராம் கறுப்புத் தேநீர், 70–80 கிராம் சர்க்கரை. முழுக்க ஆறிய பிறகு, முந்தைய தொகுதியின் புளித்த நீர் 100 மில்லியும் தாய்ப்படலமும் (நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் திரண்ட படலம்) சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். கண்ணாடிச் சாடி, வாயை மூட நெருக்கமான துணி. அறை வெப்பம் 25 டிகிரி அளவில் இருந்தால் ஏழு முதல் பத்து நாள். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஒரு கரண்டி சுவைத்துப் பாருங்கள்.

புளிப்பை அளக்கும் பி.எச். அளவுத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள், செலவு சொற்பம். அளவு 4.2-க்குக் கீழே இறங்காத தொகுதியைக் குடிக்காதீர்கள். படலத்தின் மேல் பஞ்சு மாதிரி உலர்ந்த பூசணம் கண்டால் எடுத்து வீசிவிட்டு மிச்சத்தைக் குடிக்கும் பேச்சே வேண்டாம். எல்லாவற்றையும் கொட்டுங்கள், தாய்ப்படலத்தையும் சேர்த்து.

புட்டியில் அடைத்து இரண்டு மூன்று நாள் வெளியே வைத்தால் நுரைக்கும். அழுத்தம் தாங்கும் புட்டி மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரண அலங்காரப் புட்டி வெடித்துச் சிதறும். இதில் சிறிதளவு மது உண்டு என்பதையும் மறக்காதீர்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் வீட்டுத் தயாரிப்பைத் தவிர்ப்பதே நல்லது.

9. காக்டெயில்: புட்டி வாங்கும் முன்

சட்டம் அனுமதிக்கும் வயதும் இடமும் உங்களுக்கு இருந்தால் மட்டும் இந்தப் பகுதி. மது வேண்டாதவர்கள் இந்தப் பகுதியின் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

முதல் கட்டம் வீட்டில் வேண்டாம், பாரில். கூட்டமில்லாத வார நாளில், திறந்ததும் முதல் மணி நேரத்தில் போங்கள். கலந்து தருபவருக்கு அப்போதுதான் பேச நேரம் இருக்கும். பானத்தின் பெயரைச் சொல்லாமல் "புளிப்பு பிடிக்கும், புகை மணம் பிடிக்கும், இனிப்பு குறைவாக" என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு வீட்டுப் புட்டியின் விலையில் மூன்று நான்கு புதுச் சுவைகள் தெரிந்துவிடும்.

வீட்டில் தொடங்கும்போது ஒரே மதுவை வைத்து ஒரே விகிதத்தைப் பழகுங்கள்: 60 மில்லி மது, 25 மில்லி அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு. ரம் ஊற்றினால் டைக்கிரி. சாறு இருந்தால் பனிக்கட்டியோடு 10–15 நொடி குலுக்க வேண்டும். மது மட்டும் என்றால் அரை நிமிடம் கலக்கினால் போதும். பனிக்கட்டி உருகிச் சேரும் நீரும் செய்முறையின் ஒரு பகுதிதான், ஆகவே பயந்து சீக்கிரம் நிறுத்தாதீர்கள். கசப்பு பழக விரும்பினால் நெக்ரோனி: ஜின், காம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மில்லி. வெர்மூத் ஒயின் வகை என்பதால் திறந்ததும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். அலமாரியில் ஆறு மாதம் நின்ற வெர்மூத்தால்தான் பலருக்கு இந்தப் பானமே பிடிக்காமல் போகிறது.

ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: ஆர்ஜா பாகில் பாதாம் இருக்கிறது. நுரை வரும் சில பானங்களில் பச்சை முட்டை வெள்ளைக்கரு இருக்கும். கேட்டுவிட்டுக் குடியுங்கள். அதோடு, "மது இல்லாத" பானத்தில் பிட்டர்ஸ் (மதுவில் ஊறிய கசப்பு மூலிகைச் சாறு) சில சொட்டு விழுவது உண்டு. அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 44.7 விழுக்காடு மது. மதுவை முழுக்கத் தவிர்ப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மது இல்லாமல் அதே ஆழம் வேண்டுமா? ஷ்ரப் செய்யுங்கள். நறுக்கிய பழமும் சர்க்கரையும் சம எடை, குளிர்பெட்டியில் ஒரு நாள். ஊறி வந்த பாகை வடித்து, ஏறக்குறைய அதே அளவு வினிகர் சேர்த்து, இன்னும் சில நாள் விடுங்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு சோடா. ஆறிய லாப்சாங் சூசாங்கைக் கொஞ்சம் ஊற்றினால் புகை மணமும் வந்துவிடும்.

10. உடலுக்கும் மருந்துக்கும் பார்க்க வேண்டியவை

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை காஃபின் பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. உடலில் புகுந்த காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். எனவே பலவகைத் தேநீர் சுவைக்கும் அமர்வை மதியத்துக்குள் முடியுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். முதல் நீரைக் கொட்டினால் காஃபின் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். பெரும்பகுதி இலையிலேயே இருக்கும்.

இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். அதிமதுரம் கலந்த மூலிகைப் பானம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து முதலிய பலவற்றின் வீரியத்தைக் குறைக்கும். கிரேப்ஃப்ரூட் சாறு சில கொழுப்புக் குறைப்பு மருந்துகளோடு ஒத்துப்போகாது. தினமும் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் பொட்டலத்தின் சேர்பொருள் பட்டியலைப் படமெடுத்து மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள்.

11. பயணத்திலிருந்து கொண்டுவர

கைப்பையில் திரவம் என்றால் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிப் புட்டிதான் வரம்பு. சரக்குப் பையில் 24 முதல் 70 விழுக்காடு மது ஆளுக்கு 5 லிட்டர் வரை, கடையில் அடைத்த நிலையில். 70 விழுக்காட்டைத் தாண்டினால் ஏற்ற மாட்டார்கள். இது விமானப் பாதுகாப்பு விதி மட்டும். இறங்கும் நாட்டின் சுங்கவரி இல்லா வரம்பு தனி, பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவு. இரண்டையும் பாருங்கள், ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

உலர்ந்த இலைகளை அடைத்த பொட்டலத்தோடு, லேபிளோடு கொண்டுவாருங்கள். சந்தையில் பெயரில்லாத பையில் கட்டித் தந்தது சிக்கலில் விடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் செடி சார்ந்த எதையும் வருகைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

முக்கியமாக ஒன்று. பெருவிலும் பொலிவியாவிலும் கோக்கா இலைத் தேநீர் வெளிப்படையாக விற்கும், விடுதியிலேயே தருவார்கள். அங்கே குடிப்பது சட்டப்படி சரி. ஆனால் அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் அதைக் கொண்டு இறங்குவது போதைப்பொருள் குற்றம். பைகளில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்த சில நாளில் போதைப்பொருள் பரிசோதனை இருந்தால் அதிலும் தெரியும்.

12. வாங்கியதைக் கெடாமல் வைக்க

வெளிச்சம், காற்று, ஈரம், பிற மணம் நான்கும் தேநீரைக் கெடுக்கும். ஒளி புகாத, இறுக மூடும் டப்பா. மசாலா அலமாரியிலிருந்து தள்ளி. திறந்த பச்சைத் தேநீரை இரண்டு மூன்று மாதத்தில் முடியுங்கள். மாட்சாவை ஒரு மாதத்தில். மாட்சாவைக் குளிர்பெட்டியில் வைத்தால், எடுத்த உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே நீர் படிந்து பொடி கட்டியாகிவிடும். புவேர் மட்டும் விதிவிலக்கு: அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும், ஆகவே காகித உறையோடு, மணமில்லாத அட்டைப் பெட்டியில்.

பொட்டலத்தின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரே நேரத்தில் ஆறு பொட்டலத்துக்கு மேல் திறந்திருக்க வேண்டாம். புதிது ஒன்று வாங்கத் தோன்றினால், திறந்ததில் ஒன்றை முதலில் முடியுங்கள்.